அறுத்தெடுத்த பின் வாங்க வேண்டிய தாள்

குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்ததில் சதை வளர்ந்திருந்தது, எடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னால் நம் பக்கத்தில் அதை இரண்டு விதமாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். "கேன்சர்தான், மறைக்கிறாங்க" என்று ஊர் பேசும். இல்லையென்றால், எடுத்தாச்சில்ல என்று வீடே மறந்துபோகும். ஊர் பேச்சு நாலு நாளில் ஓய்ந்துவிடும். எனக்கு அந்த மறதியின் மேல்தான் பயம்.

என் தங்கையைக் கட்டிக்கொடுத்தது வண்டிப்பெரியாறில். மாப்பிள்ளை ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மலத்தோடு ரத்தம் போக, மூலம் என்று தானே முடிவு கட்டி நாட்டு மருந்து தின்றுகொண்டிருந்தார். கடைசியில் குமுளி வழியாக மலையிறங்கித் தேனிப் பக்கம் போய்ப் பார்த்தபோது பெருங்குடலில் இரண்டு பாலிப், அதாவது அந்தச் சதை வளர்ச்சி. எனக்கு அதற்குச் சில வருஷம் முன்னாலேயே கோயம்புத்தூரில் ஒன்று எடுத்திருந்தார்கள். அதனால் கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்துகொண்டே போனில் ஆலோசனை சொல்லும் தகுதி எனக்கு வந்துவிட்டது!

எடுத்த அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. காளான் மாதிரி காம்போடு நிற்கும் சதையைக் கம்பிச் சுருக்கில் மாட்டி அறுக்கிறார்கள். பெரிதாக இருந்தால் கரண்டும் வைக்கிறார்கள். குடலின் உள்தோலுக்கு அறுபடும் வலி தெரியாது. ஊதிவிட்ட காற்றால் வயிறு உப்புசமாக இருக்கும்; காற்று பிரிந்தால் சரியாகிவிடும். மயக்க மருந்து கொடுத்திருப்பதால் அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்தும் போடக் கூடாது. மறுநாள் இட்லி, கஞ்சி என்று தொடங்கி வழக்கமான சாப்பாட்டுக்கு வந்துவிடலாம்.

கவனம் வேண்டியது அதற்கப்புறம். அறுத்த இடத்துப் பொருக்கு உதிரும்போது ரத்தம் வரலாம். அது மறுநாளும் வரலாம், இரண்டு வாரம் கழித்தும் வரலாம். துடைக்கும்போது லேசாகச் சிவந்தால் பதற வேண்டாம். கட்டிகட்டியாகவோ திரும்பத் திரும்பவோ ரத்தம் போனால், தலை சுற்றினால், வயிறு கல்லாக இறுகி வலித்தால், காய்ச்சல் அடித்தால் உடனே கிளம்ப வேண்டும். கேமரா விட்ட ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று மலையிறங்கப் பஸ் தேடக் கூடாது. பக்கத்தில் எங்கே கேஷுவாலிட்டி இருக்கிறதோ அங்கே போக வேண்டும். எஸ்டேட் லயத்திலிருந்து ராத்திரியில் ஜீப் பிடிப்பது என்னவென்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பெரிய பாலிப் எடுத்தவர்கள் முதல் இரண்டு வாரம் ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக, சொந்தக்காரர் வீட்டிலாவது தங்கிக்கொள்வது நல்லது. பீட்ரூட் தின்றுவிட்டுச் சிவப்பைப் பார்த்து அலற வேண்டாம். இரும்புச் சத்து மாத்திரை போடுபவர்களுக்கு மலம் கறுக்கும். ஆனால் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, நாற்றமும் அடித்தால் அது வேறு விஷயம், காட்டிவிட வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், எந்தத் தேதியில் திரும்பத் தொடங்குவது என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நாமாக நிறுத்தவும் கூடாது, நாமாகத் தொடங்கவும் கூடாது.

மாப்பிள்ளைக்கு எடுத்தது கார்த்திகை மாதம். மாலை போட்டிருந்தவர், பத்தாம் நாளே சத்திரம் வழியாகப் புல்மேடு நடந்து சன்னிதானம் போகப் போகிறேன் என்று நின்றார். காட்டுக்குள் ரத்தம் போனால் யார் தூக்கிக்கொண்டு வருவது? டாக்டரே சொன்ன பிறகுதான் மகரவிளக்குக்குத் தள்ளிப்போட்டார். ஐயப்பன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இதெல்லாம் உடம்பு சம்பந்தப்பட்டது, உடம்பே நினைவூட்டிவிடும். தானாக நினைவூட்டாதது பயாப்ஸி ரிப்போர்ட். எடுத்த சதையை ஃபார்மலின் ஊற்றிய சின்ன டப்பாவில் போட்டு, பெயரெழுதி ஒட்டி லேபுக்கு அனுப்புகிறார்கள். சில ஊர்களில் அந்த டப்பாவை நம் கையிலேயே கொடுத்து, லேபில் கொடுத்துவிட்டு வாருங்கள் என்பார்கள். முடிவு வரச் சில நாள், சமயத்தில் ஒரு வாரத்துக்கு மேலேயும் ஆகும். அதற்குள் மனுஷன் பழையபடி நடமாடத் தொடங்கியிருப்பான். "அண்ணே, ஆளு நல்லாத்தான் இருக்காரு. அதுக்குன்னு திரும்ப ஒருக்கா மலை இறங்கணுமா?" என்றாள் தங்கை. இறங்கித்தான் ஆக வேண்டும் என்றேன்.

எடுத்த சதை என்ன ஜாதி என்று அந்தத் தாள்தான் சொல்லும். ஹைபர்பிளாஸ்டிக் என்று இருந்து, சின்னதாக, குடலின் கடைசிப் பகுதியில் இருந்ததென்றால் பெரும்பாலும் கவலை இல்லை. அடினோமா என்றால், விட்டிருந்தால் என்றைக்காவது புற்றாகியிருக்கக்கூடிய வகை. ஆனாலும் பெரும்பாலானவை ஆவதில்லை, ஆகிறவற்றுக்கும் பொதுவாகப் பத்து வருஷம் போலப் பிடிக்கும். "லோ கிரேட் டிஸ்பிளேசியா" என்ற வரியைப் பார்த்துவிட்டுத் தங்கை மகன் போனில் தேடி, வீடே அழுதது. அடினோமா என்று சொன்னாலே அந்த வரியும் கூடவே வரும். அதற்கென்று தனியாக அழ வேண்டியதில்லை. "ஹை கிரேட்" என்றோ "வில்லஸ்" என்றோ இருந்தால்தான் டாக்டர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்த கேமரா எப்போது என்பதும் அந்தத் தாளை வைத்துத்தான். சென்டிமீட்டருக்குக் குறைந்த அடினோமா ஒன்றிரண்டு மட்டும் என்றால் ஏழு முதல் பத்து வருஷம் கழித்துப் போதும் என்பது அமெரிக்க டாக்டர்கள் 2020-இல் வகுத்த கணக்கு. பிரிட்டனில் அவ்வளவுகூடக் கேட்பதில்லை. சென்டிமீட்டரோ அதற்கு மேலோ, வில்லஸோ, ஐந்து முதல் பத்து வரையோ இருந்தால் மூன்று வருஷம். பெரியதைத் துண்டுதுண்டாக எடுத்திருந்தால் ஆறு மாதத்திலேயே. பேதி மருந்தைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்க் குடல் சுத்தமாக இல்லாவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது, சீக்கிரமே மறுபடி படுக்க வேண்டும்.

இந்தத் தொடர் பார்வை வீண் செலவு என்று நினைப்பவர்களுக்கு நான் ரீகன் கதையைச் சொல்வேன். அமெரிக்க அதிபராக இருந்தவருக்கு 1984-லேயே குடலின் கீழ்ப்பகுதியில் சின்ன பாலிப் ஒன்று தென்பட்டது. முழுக் குடலையும் பார்த்தது 1985 ஜூலையில்தான். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பெரிய பாலிப். மறுநாளே வயிற்றைத் திறந்து இரண்டடி நீளக் குடலை எடுத்தார்கள். அதில் புற்று இருந்தது. நேரத்தில் எடுத்ததால் மனிதர் 93 வயது வரை இருந்தார். வெள்ளை மாளிகையிலேயே தள்ளிப்போகிறதென்றால் வண்டிப்பெரியாறைச் சொல்லி என்ன?

நம் ஊரில் கூப்பிட்டு நினைவூட்டவும் யாரும் இல்லை. வாய், மார்பு, கருப்பை வாய் என்று மூன்று புற்றுகளுக்குத்தான் அரசின் பரிசோதனைத் திட்டம். குடல் அதில் கிடையாது. எல்லையோரத்துக்காரர்களுக்கு இன்னொரு சங்கடம்: இன்றைக்குத் தேனி, அடுத்த முறை கோட்டயம், மகன் வேலை பார்க்கும் ஊரானால் திருப்பூர். ஒரு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரில் இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. அதனால் கேமரா ரிப்போர்ட், பயாப்ஸி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் ரேஷன் கார்டு இருக்கும் கவரிலேயே வைக்கச் சொன்னேன். கவரின் மேலே அடுத்த கேமராவின் வருஷத்தைத் தங்கை பெரிதாக எழுதியிருக்கிறாள்.

மாப்பிள்ளைக்கு வந்தது ஒன்று பெரியது, வில்லஸ் கலந்தது. அப்படி வந்தால் கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் நாற்பது வயதிலிருந்தே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இதைத் தன் தம்பியிடம் சொல்ல மாப்பிள்ளைக்குக் கூச்சம். மலம், ஆசனவாய் என்று குடும்பத்தில் எப்படிப் பேசுவது என்கிறார். கடைசியில் நான்தான் போன் போட்டேன். "சாப்பிட உக்காந்திருக்கேன், அப்புறமா பேசறேன்" என்று வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிட வேண்டும்.