முன்பாரம்

மலைக்குப் பாரம் ஆகாது. பாலைவனத்துக்குத் தண்ணீர் இல்லாமல் ஆகாது. காருக்குப் பின்னால் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு ராக்கி மலையைத் தாண்டி யூட்டா பாலைவனத்துக்குள் போகிறவர்களின் பாடெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

எங்களுடையது சின்ன ட்ரெய்லர். ஒரு கட்டில், ஓர் அடுப்பு, உட்கார்ந்தால் முட்டி இடிக்கிற கழிவறை. அடியில் 150 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. நிரப்பினால் 150 கிலோ. டென்வரில் வீட்டுக் குழாயிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்பலாம்தான். ஆனால் வழியில் மொனார்க் கணவாய் இருக்கிறது, 11,312 அடி. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் வலு இழக்கும். உச்சிக்குப் போவதற்குள் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். அதனால் குடிக்கிற தண்ணீரைக் கேனில் வைத்துக்கொண்டு, தொட்டியைக் காலியாகவே மலையேற்றுவோம். கன்னிசன், மான்ட்ரோஸ், கிராண்ட் ஜங்ஷன் எல்லாம் தாண்டி, யூட்டாவின் கிரீன் ரிவரில்தான் நிரப்புவது. தர்பூசணிக்குப் பேர்போன ஊர் அது. சீசனில் போனால் ஒன்று வாங்காமல் வரக்கூடாது, எடையைப் பற்றி நான் எவ்வளவு பேசினாலும்.

எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதைவிட எங்கே ஏற்றுகிறோம் என்பது முக்கியம். மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றியவர்களுக்கு முன்பாரமும் பின்பாரமும் தெரியும். பின்பாரம் அதிகமானால் நுகம் தூக்கிக்கொண்டு மாட்டின் கழுத்தை இறுக்கும். ட்ரெய்லரில் அது வேறு விதமாகக் காட்டும்: நெடுஞ்சாலையில் பின்புறம் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கி மேல் இறங்க வேண்டும். எங்கள் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே தண்ணீர் நிரப்பிய அன்று அரிசி மூட்டை, கருவிப்பெட்டி எல்லாம் முன்னால் நகரும். அப்படியும் ஆடினால் காரின் பிரேக்கில் கால் வைக்கக்கூடாது. ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்த வேண்டும். அது பின்னாலிருந்து இழுத்து வண்டியை நேராக்கும்.

எங்கள் வீட்டில் ஏற்றுவது அவர், ஓட்டுவது நான்.

"தோசைக்கல் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கங்க. அப்ப டெலஸ்கோப்பை இறக்குங்க."

குக்கரை மட்டும் இறக்கச் சொல்வதில்லை. பத்தாயிரம் அடியில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் வேகாது.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஓட்டுநரின் தரம் தெரியும். உச்சியிலேயே கியரைக் குறைத்துவிட வேண்டும். வேகம் பிடித்தபிறகு குறைக்க நினைப்பது வீண். எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கட்டும். பிரேக்கை ஒருமுறை உறுதியாக அழுத்தி, வேகம் தணிந்ததும் முழுக்க விட்டுவிட வேண்டும். லேசாக மிதித்தபடியே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். பின்னால் பத்து வண்டி சேர்ந்தால் சேரட்டும், ஒதுங்க இடம் வரும்போது வழிவிடலாம். ஹாரன் அடிக்கிறவர் நம் பிரேக்குக்குப் பொறுப்பேற்க மாட்டார்.

பாலைவனத்தில் கணக்கு தலைகீழ். மத்திய அரசின் பொது நிலங்களில் பெரும்பாலும் காசில்லாமல் தங்கலாம், பொதுவாக 28 நாளில் 14 நாள் வரை. குழாய் கிடையாது, குப்பைத்தொட்டி கிடையாது. பாத்திரத்தின் எண்ணெயைக் காகிதத்தால் துடைத்தபிறகே தண்ணீர் படும். கழுவிய நீருக்கு ஒரு தொட்டி, கழிவறைக்கு ஒரு தொட்டி. இரண்டையும் அதற்கென்று உள்ள இடத்தில் மட்டுமே காலி செய்யலாம். நமக்குத் தண்ணீர் தீரும் முன்பே இந்தத் தொட்டிகள் நிரம்பிவிடுவதும் உண்டு. இடம் தேடும்போது மணல் படிந்து சமமாகத் தெரிகிற காய்ந்த ஓடையை நம்பாதீர்கள். எங்கோ தூரத்து மலையில் பெய்த மழை, தலைக்கு மேல் மேகமே இல்லாதபோதும் வெள்ளமாக வரும்.

இருட்டுவதற்குள் நிறுத்தியாக வேண்டும். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு பின்னால் எடுத்தால், கை போகிற பக்கமே ட்ரெய்லரின் பின்புறமும் போகும். அவர் இறங்கி நின்று வழி சொல்வார். கண்ணாடியில் அவர் முகம் மறைந்தால் அந்த நொடியே நிறுத்திவிடுவேன். 'லெஃப்ட்', 'ரைட்' எங்களுக்குள் கிடையாது. யாருடைய இடது என்ற சண்டையிலேயே பொழுது போய்விடும். 'மரத்துப் பக்கம்', 'பாறைப் பக்கம்' என்பார். கொக்கியைக் கழற்றும் முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தாயிற்றா என்று இருவரும் தனித்தனியாகப் பார்ப்போம்.

புதிதாக ட்ரெய்லர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விற்பனைத்தாளில் இருக்கிற எடை காலி வண்டியின் எடை. சாமான், கேஸ், தண்ணீர் எல்லாம் ஏற்றியபின் நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் இருக்கிற எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். பெரிய செலவில்லை. அந்தச் சீட்டைப் பார்த்தபிறகு மலைப்பாதையைத் தேர்ந்தெடுங்கள்.