மரம் இறங்கிய வழி

பரம்பிக்குளம் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் பாலக்காட்டுக்காரர் காரில் அங்கே போவதென்றாலும் தமிழ்நாட்டுக்குள் வந்துதான் ஆக வேண்டும். பொள்ளாச்சி, ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர் என்று தென்னந்தோப்புகளைத் தாண்டி, சேத்துமடைச் சோதனைச்சாவடியில் பெயர் எழுதிக் கொடுத்து, டாப்ஸ்லிப் மலை ஏறி, ஆனப்பாடியில் மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். மேற்கே ஒரு நேர்வழி இருந்தது. சாலக்குடியிலிருந்து காட்டுக்குள் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடிய டிராம் ரயில் பாதை அது. கொச்சி சமஸ்தானம் போட்டது. ஆட்கள் போய்வர அல்ல, தேக்கு இறங்கி வர. 1963-இல் அதை மூடினார்கள். தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள். மிச்சத்தைக் காடு எடுத்துக்கொண்டது.

அந்த மிச்சத்தைப் பார்க்கத்தான் கிளம்பினேன். ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்திருந்தது. சேத்துமடையைத் தாண்டியதும் வாய்க்கால் ஈரமும் தோப்பு நிழலும் பின்னால் போய்விட்டன. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி முக்கி முனகி ஏறியது.

இந்த மலைச்சரிவு ஒரு காலத்தில் மொட்டையாகக் கிடந்தது என்று சொன்னால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள். 1850-களில் பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்கு ஆனைமலைத் தேக்கு தேவைப்பட்டது. கடல் தண்ணீரில் ஊறினாலும் தேக்கு இற்றுப்போகாது, இரும்பு ஆணியைத் துருவேற விடாது. பிறகு ரயில் வந்தது. ஸ்லீப்பர் கட்டைக்கும் இதே மரத்தைத் தேடினார்கள். மேலே வெட்டிய மரங்களை யானைகள் மலை விளிம்புவரை இழுத்து வரும். அங்கிருந்து சரிவில் விட்டுவிடுவார்கள். அப்படிச் சறுக்கிவிட்ட உச்சிதான் டாப்ஸ்லிப். சென்னை மாகாணத்தின் முதல் வனக்காப்பாளராக 1856-இல் பொறுப்பேற்ற ஹியூ கிளெக்ஹார்ன் இந்த மலைக்கு நேரில் வந்து பார்த்தவர். வெட்டுகிற வேகத்தில் போனால் காடு தாங்காது என்று அந்தக் காலத்திலேயே எழுதியவர்களில் அவரும் ஒருவர். ஆனாலும் கோடரிகள் ஓயவில்லை.

டாப்ஸ்லிப்பில் வனத்துறை ஆள் துணையில்லாமல் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. எனக்குத் துணையாக வந்த வாட்சர் மலசர் குடியைச் சேர்ந்த நடுவயதுக்காரர். அவருடைய அப்பா பாகன், தாத்தாவும் பாகன். "முன்னெல்லாம் யானைக்குக் கட்டை இழுக்கறதுதானுங்க வேலை. இப்பத்தான் காட்டுல இருந்து வர்ற யானைய முடுக்கற வேலை" என்றார். கோழிகமுத்தி முகாமின் கலீம் அப்படிப் பேர் வாங்கிய கும்கி. 2023-இல் பணி ஓய்வு பெற்றது. மரம் இழுத்த யானைகளின் வாரிசுகள் இன்று கரும்புத் தோட்டத்துக்கும் தென்னந்தோப்புக்கும் இறங்கும் காட்டு யானைகளைத் திருப்பி அனுப்புகின்றன. காட்டில் எல்லாருடைய வேலையும் மாறித்தான் போயிருக்கிறது.

சற்று நடந்ததும் மவுண்ட் ஸ்டூவர்ட். அங்கேதான் ஹியூகோ வுட்டின் கல்லறை. வெட்டி அழிந்த காட்டை மீட்டவர் என்று ஆனைமலையில் இன்றும் பேர் சொல்லப்படும் வன அதிகாரி. 1916 வாக்கில் கோவைத் தெற்கு வனக்கோட்டத்துக்கு வந்தார். காலியான இடங்களில் தேக்கை மறுபடி வளர்ப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார். நடக்கும்போது சட்டைப்பை நிறையத் தேக்கு விதை வைத்திருப்பாராம். கைத்தடியால் குழி குத்தி விதையைப் போட்டுக்கொண்டே போவாராம். இந்தக் கதையைச் சொல்லாத பாகனோ வாட்சரோ இங்கே கிடையாது. கல்லறையில் லத்தீனில் வாசகம்: என் நினைவுச்சின்னத்தைத் தேடுகிறாயா, சுற்றிலும் பார் என்ற பொருளில். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னின் கல்லறையிலும் இதே வாசகம்தான்.

சுற்றிலும் பார்த்தேன். நெடுநெடுவென்று தேக்கு. வரிசை தெரிகிறது, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இடைவெளி கோணவில்லை. அடிமரத்தில் கிளைத்திருந்த இளந்தளிர் ஒன்றை வாட்சர் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்துக் கசக்கச் சொன்னார். ரத்தம்போல் சிவந்தது. காய்ந்த இலைகள் ஒவ்வொன்றும் முறம் அகலம். மிதித்தால் பாதி காட்டுக்குக் கேட்கும். அதனால்தான் இங்கே மான் நம்மைப் பார்ப்பதற்கு முன்னால் நாம் மானைப் பார்ப்பது கடினம்.

வுட் மீட்டது காடா, தோட்டமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதே நடையில் கரியன்சோலைக்குப் போனால் பதில் பாதி புரியும். இங்கே யாரும் வரிசை போடவில்லை. மரத்தின் மேல் மரம் சாய்ந்து, கொடியில் கொடி பின்னி, உச்சி வெயிலில் அந்தி இருட்டு. தலைக்கு மேலே கருமந்திகள் தாவின; எங்கோ பெரிய இருவாட்சியின் சிறகடிப்பு கேட்டது. அட்டை ஏறாமலிருக்க வாட்சர் காலில் மூக்குப்பொடி தடவிவிட்டார். தேக்குக் காடு கையால் செய்தது. சோலை தானாக நின்றது. ஆனால் தேக்கை நட்டு வளர்த்ததால்தானே மரம் வேண்டியவன் சோலைக்குள் கோடரியோடு நுழையாமல் போனான்? எனக்கு அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் பரம்பிக்குளம். இங்கே வழிகாட்டி வேறு ஆள். காடர், மலசர், முதுவர் குடிகள் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு, இவர் காடர். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். குரியார்குட்டி போகும் வழியில் ஓரிடத்தில் நின்று, "சார், இவிட நோக்குங்க, இதான் டிராம் போன தடம்" என்றார். முதலில் கண்ணுக்கு எதுவும் படவில்லை. மூங்கில், உண்ணிச்செடி, ஈரமண். பிறகு மெல்லப் பிடிபட்டது. மலைச்சரிவை யாரோ அளந்து செதுக்கியதுபோல் ஒரு சமதளம். மனிதன் நடந்து உண்டான தடம் இப்படி இருக்காது. அவன் குறுக்கே ஏறுவான், மூச்சு வாங்கினால் வளைவான். இந்தத் தளமோ ஏற்றமும் இறக்கமும் தெரியாமல் ஒரே சீராக நீண்டது. மேலே இருந்த மரங்கள் சுற்றியிருந்தவற்றைவிட இளசு. ஓடை கடக்கும் இடத்தில் செடிகளுக்கு அடியில் செதுக்கிய கல் அடுக்கு. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தடம் புலப்பட்டுவிடும். ஒருமுறை பிடிபட்டால் அப்புறம் எங்கே பார்த்தாலும் அதுதான்.

"இப்ப இதுல ஆரு போறாங்க?" என்று கேட்டேன். தரையில் காய்ந்து கிடந்த யானைச் சாணத்தைக் காட்டினார். ஏறுவதற்குச் சிரமமில்லாத சாய்வென்றால் யானைக்குப் பிடிக்கும். கொச்சி சமஸ்தானத்து எஞ்சினியர்கள் மட்டம் பார்த்துப் போட்ட பாதையை யானைகள் பராமரிக்கின்றன.

அந்தப் பாதை 1907-இல் ஓடத் தொடங்கியது. ஷோரனூர்–கொச்சி ரயில் 1902-இல் வந்து சாலக்குடிக்கு ஸ்டேஷன் கிடைத்ததும் காட்டு மரத்தை அதுவரை கொண்டுவந்தால் போதும் என்று கணக்குப் போட்டார்கள். ஜெர்மனியில் செய்த நீராவி எஞ்சின்கள் சமதளத்தில் இழுத்தன. ஆனால் மலை செங்குத்தாக இறங்கும் இடங்களில் எஞ்சினுக்கு வேலையில்லை. அங்கே இரண்டு தண்டவாளம் பக்கம் பக்கமாக; மேலே ஓர் உருளை, அதைச் சுற்றி இரும்பு வடம். வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில் கீழே நிற்கும் காலி வண்டி. பாரவண்டி தன் எடையால் இறங்கும்போது காலி வண்டியைத் தானே மேலே இழுத்துவிடும். பிரேக் பிடிக்க ஆள் நின்றால் போதும். கொங்கில் பம்புசெட் வருவதற்கு முன்னால் கவலை இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: எருதுகள் சரிவில் இறங்க இறங்க, கிணற்றுக்குள்ளிருந்து சால் ஏறி வரும். கிணற்று மேட்டில் நடந்த வேலையை மலையில் நடத்தினார்கள். கரியும் செலவில்லை, தண்ணீரும் செலவில்லை.

அரை நூற்றாண்டு ஓடியது. வெட்டத் தேக்கு குறைந்தது, லாரிகள் வந்தன, பராமரிப்புச் செலவு ஏறியது. மூடிவிட்டார்கள். அதற்கு முன்னால் அந்த டிராமில் ஏறியவர்களில் ஒருவர் சலீம் அலி. திருவிதாங்கூர்–கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுக்க 1933-இல் வந்தவர் குரியார்குட்டியில் தங்கியிருந்தார். மனைவி தெஹ்மினாவும் அந்தப் பயணத்தில் கூட இருந்தார். மரம் இறக்கப் போட்ட பாதை பறவை பார்க்கப் போகிறவரையும் சுமந்தது. அவர் பெயரில் இன்று அங்கே ஒரு விளக்க மையம் இருக்கிறது.

அந்த 1933 எனக்கு விடாமல் மனதில் ஓடியது. ஹியூகோ வுட் இறந்ததும் அதே வருஷம்தான். உலகம் முழுக்கப் பொருளாதாரம் குப்புற விழுந்து கிடந்த காலம். கோவையில் பைக்காரா மின்சாரத்தைப் பிடித்துக்கொண்டு பஞ்சாலைகள் முளைத்தன. அமெரிக்காவில் வேலையில்லாத இளைஞர்களை ரூஸ்வெல்ட் அரசு அதே 1933-இல் காட்டு வேலைக்கு அனுப்பியது. ஒன்பது வருஷத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர், நட்ட மரங்கள் சுமார் 300 கோடி. அரசுக் காடுகளில் பனிச்சறுக்குத் தடங்களும் வெட்டினார்கள். மாசசூசெட்ஸில் கிரேலாக் மலையின் தண்டர்போல்ட் தடம் 1934-இல் அப்படி உருவானதுதான். பின்னால் பெரிய சறுக்கு மைதானங்கள் வந்ததும் அப்படிப்பட்ட பல தடங்கள் காட்டுக்குள் அமிழ்ந்தன. இப்போது அங்கே ஆர்வலர்கள் பழைய வரைபடத்தோடு போய், மரங்களின் வயதைப் பார்த்து அவற்றைத் தேடுகிறார்கள். சிலவற்றைப் புதர் வெட்டி மறுபடி திறந்தும் விடுகிறார்கள்.

தேடுவதில் எனக்கு அவர்களோடு உடன்பாடு. திறப்பதில் இல்லை. அவர்களுடைய தடம் விளையாட்டுக்குப் போட்டது. திறந்தால் விளையாட்டுதான் திரும்பும். ஆனைமலையில் போட்ட தடமெல்லாம் காட்டைக் கீழே கொண்டுபோகப் போட்டது. டாப்ஸ்லிப் சரிவு தூர்ந்ததும், டிராம் பாதையில் மூங்கில் முளைத்ததும்தான் காடு பிழைத்ததற்கான அத்தாட்சி. 1976-இல் ஆனைமலை சரணாலயம் ஆனது. இன்று மலையின் இரு பக்கமும் புலிகள் காப்பகம். இந்தக் காட்டிலிருந்து நமக்கு இறங்கி வருவது இப்போது மரமல்ல, தண்ணீர். பரம்பிக்குளம், தூணக்கடவு அணைகளிலிருந்து சுரங்கம் வழியாகச் சர்க்கார்பதிக்கு வந்து, மின்சாரம் கொடுத்துவிட்டுப் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வயல்களுக்குப் போகிறது. தேக்கு மேற்கே போயிற்று. தண்ணீர் கிழக்கே வருகிறது. காடு நின்றால்தான் இந்த வரவு நிற்காது.

ஆனால் தடத்தை மறந்துவிடுவதும் சரியில்லை. டாப்ஸ்லிப்பில் புலி, காட்டெருது, கேளையாடு என்று படம் போட்ட பலகைகளைப் பார்க்கிறோம். மரத்தை வெட்டியது யார், இழுத்தது யார், மறுபடி நட்டது யார் என்பதையும் அதே பலகையில் நாலு வரி எழுதலாம். வுட்டின் பெயராவது கல்லில் இருக்கிறது. அவருக்காகக் குழி தோண்டி, களை பிடுங்கி, யானை ஓட்டிய மலசர், காடர் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று நமக்கு வழி காட்டுகிறார்கள். அந்த வீடுகளில் இருக்கும் பெரியவர்கள் சொல்வதை இப்போதே பதிவு செய்து வைத்தால் உண்டு. தடம் இன்னும் நூறு வருஷம் கிடக்கும், அவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

சபாரி வேனில் போகிறவர்கள் புலி தென்படவில்லை என்றால் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். அடுத்த முறை வழிகாட்டியிடம் பழைய டிராம் தடம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். புலி போல அது ஏமாற்றாது. இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. பார்க்கத் தெரிந்தால் போதும்.