ஐம்பதாயிரத்துக்குள் ஒரு கணிப்பொறி

கைநிறையப் பணம் உடையார்க்குப் பொருள் வாங்குதல் எளிய செயல். விரும்பியதைச் சுட்டினால் போதும். அளந்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றைக் குறைத்து மற்றொன்றைக் கூட்டிக் கணக்குப் பார்ப்பவருக்கே அதன் அருமை புலப்படும். தமிழாசிரியனாகிய யான் கணிப்பொறியின் உறுப்புகளைப் பற்றி எழுதப் புகுவது மாணவ நண்பர்களுக்கு வியப்பளிக்கலாம். ஒரு சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பிரித்துக் காட்டுவதையே தொழிலாகக் கொண்டவனுக்கு, ஒரு பொறியைப் பிரித்துப் பார்ப்பதும் அத்துணை அயலான வேலையன்று என்பதை 2023ஆம் ஆண்டுக் கோடையில் உணர்ந்தேன்.

என் தமக்கை மகன் அவ்வாண்டு கணிப்பொறி அறிவியல் இளநிலை வகுப்பில் சேர்ந்தான். தமக்கை தையற்பொறியில் அமர்ந்து ஈட்டிக் கட்டிவந்த சீட்டு முதிர்ந்து, ஐம்பதாயிரம் ரூபாய் கைக்கு வந்திருந்தது. மகன் கேட்டதோ விளையாட்டுக்கு ஏற்ற கணிப்பொறி. “விளையாடவா இத்தனை பணம்?” என்று அவள் என்னிடம் வருந்தினாள். அவனோ, “பாடத்துக்கும் அதுதான் மாமா, விளையாட்டுக்கும் அதுதான். ரெண்டு பொறியா கேட்டேன்?” என்றான். அவன் கூற்றில் நியாயம் இருந்தது. நிரல் எழுதக் கற்கும் மாணவனுக்கு விரைந்து இயங்கும் பொறி வேண்டும். விளையாட்டுப் பொறி அவ்விரைவைத் தருவதே. ஆனால் அப்பணம் போனால் மறுமுறை வாராது. ஆகவே அவன் எதை வாங்கினாலும் நான்காண்டுகள் உழைக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையுடன் யான் துணை நிற்க இசைந்தேன்.

முதலில் எங்கள் ஊர்க் கடை ஒன்றில் விலை கேட்டோம். கடைக்காரர் பல வண்ண விளக்குகள் சுழன்று ஒளிரும் ஒரு பெட்டியைக் காட்டினார். “ஐ-7 தம்பி, 16 ஜி.பி. ரேம், கேமிங் கார்டு எல்லாம் இருக்கு, நாற்பதாயிரம்தான்” என்றார். பையனின் கண்கள் அவ்விளக்குகளிலேயே நிலைத்துவிட்டன. எந்தத் தலைமுறை ஐ-7 என்று வினவினேன். சிறிது தயங்கி, நான்காம் தலைமுறை என்றார். இதில்தான் செய்தி இருக்கிறது. ஐ-7 என்பது வரிசைப் பெயர். அதன்பின் வரும் எண்ணே பிறந்த காலத்தைச் சொல்லும். ஐ7-4770 என்பது 2013ஆம் ஆண்டுச் செயலி. நான்கு கருக்களும் எட்டு இழைகளும் உடையது. 2022ஆம் ஆண்டு வந்த ஐ3-12100 என்னும் செயலிக்கும் அதே நான்கு கருக்கள், அதே எட்டு இழைகள். பெயரில் மூன்று ஏழினும் தாழ்ந்தது. வேகத்தில் அதனை வெகுவாக விஞ்சுவது. அன்றியும் விண்டோஸ் 11, நான்காம் தலைமுறைச் செயலியை முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபரில் முடியும் என்பது அப்போதே அறிவிக்கப்பட்டிருந்தது. அலுவலகங்கள் கழித்த பொறிக்கு விளக்கு மாட்டினால் அது விளையாட்டுப் பொறி ஆகிவிடுமோ? நன்றி கூறி வெளியேறினோம்.

இனி, உறுப்புகளைத் தெரிந்தெடுக்கும் முறை. பலர் செயலியிலிருந்து தொடங்குவர். விளையாட்டிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. “நீ ஆடப்போவது எது?” என்று கேட்டேன். வாலரன்ட், எல்டன் ரிங் என்று இரண்டைச் சொன்னான். முன்னது 2020இல் வந்தது. எளிய பொறியிலும் ஓடும். செயலியின் விரைவையே பெரிதும் நம்புவது. பின்னது 2022இல் வந்தது; குறைந்த அளவாகவே 12 ஜி.பி. நினைவகம் கேட்பது, விநாடிக்கு 60 படங்களுக்கு மேல் காட்டாதது. வீட்டில் இருந்த திரையோ 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட பழைய திரை. ஆகவே அத்திரைக்கு மேற்பட்ட தெளிவைத் தரும் அட்டைக்குப் பணம் கொட்டுவது வீண் என்பது முதலிலேயே தெளிவாயிற்று.

விளையாட்டுப் பொறியின் உயிர்நிலை கிராபிக்ஸ் கார்டுதான். மொத்தப் பணத்தில் ஐந்தில் இரு பங்கினை அதற்கே ஒதுக்கலாம் என்பேன். பையன் முதலில் குறித்து வைத்திருந்தது ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. 2022 சனவரியில் வந்த அவ்வட்டைக்கு 4 ஜி.பி. நினைவகமே உண்டு. தாய்ப்பலகையோடு பேசுவதற்கு அதற்கு நான்கு தடங்கள் மட்டுமே. பழைய தலைமுறைப் பலகையில் மாட்டினால் அக்குறுகிய வழியில் நெரிசல் இன்னும் மிகும். காணொளியைப் பதிவு செய்து குறுக்கித் தரும் சுற்றும் அதில் இல்லை. ஆர்.எக்ஸ். 6600-க்கோ 8 ஜி.பி. நினைவகம், எட்டுத் தடங்கள். மின்தேவை 132 வாட். 1080 புள்ளித் திரைக்கு அஃது ஏற்ற அட்டை. ஆனால் விலை இடித்தது. அவ்விடைவெளியை நிரப்ப வேறெங்கோ குறைக்க வேண்டும்.

குறைத்த இடம் செயலி. அவன் விரும்பியது ஆறு கருக்கள் கொண்ட ரைசன் 5 5600. நல்ல செயலி; அதில் ஐயமில்லை. எனினும் அதை விடுத்து ஐ3-12100எஃப் செயலியையும், எச்610 வகைத் தாய்ப்பலகையையும் கொண்டோம். அப்பலகையிலேயே பின்னாளில் ஆறு கருக்கள் உடைய ஐ5-12400 செயலியைப் பொருத்திக்கொள்ளலாம். அட்டையைப் பாதி விலைக்கு வாங்கிப் பின்னர் மறுபாதி கொடுத்துப் பெரிதாக்க முடியாது. செயலியை மாற்ற வழி உண்டு. இக்காரணத்தைச் சொன்னதும் பையன் மறுக்கவில்லை. ‘எஃப்’ என்னும் ஈற்றெழுத்தைப் பற்றியும் ஒரு சொல்: அவ்வெழுத்து நின்றால் செயலிக்குள் படம் காட்டும் பகுதி இயங்காது என்று பொருள். விகுதி பொருளை மாற்றும் என்பதை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

வள்ளுவர் வலியறிதலை அடுத்துக் காலமறிதலை வைத்தார். பொறி வாங்குவோருக்கும் அவ்வரிசை பொருந்தும். 2021ஆம் ஆண்டில் எண்மப் பணம் தோண்டுவோர் வரைகலை அட்டைகளை வாரிக்கொண்டு போனதாலும், சில்லுத் தட்டுப்பாட்டாலும் அவற்றின் விலை எட்டாத உயரத்தில் நின்றது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டபின் அத்தோண்டுதலுக்கு அட்டை வேண்டாதாயிற்று. புதிய அட்டைகளின் விலை இறங்கியது. இரவு பகலாக உழைத்த பழைய அட்டைகளும் சந்தைக்கு வந்தன. 2017ஆம் ஆண்டு ஆர்.எக்ஸ். 580 ஒன்றை மலிவாகத் தருவதாக ஒருவர் சொன்னார். அதன் மின்தேவை 185 வாட், உத்தரவாதம் இல்லை. சீட்டுப் பணத்தில் அத்தகைய துணிச்சல் ஆகாது என்று விட்டுவிட்டோம்.

அடுத்து, யாரும் கண்ணெடுத்தும் பாராத உறுப்பு ஒன்று உண்டு. கடைவீதியில் அதனை எஸ்.எம்.பி.எஸ். என்பர். வீட்டு மின்சாரத்தைப் பொறிக்கு ஏற்ற நேர்மின்சாரமாக்கித் தருவது அது. பெட்டியோடு இலவசமாக வருவதும், சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதும் ஆகிய வகைகளின் மேல் ‘450 வாட்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். அவ்வெழுத்தை நம்பலாகாது. பக்கவாட்டில் ஒட்டிய தாளில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். 15 ஆம்பியர் என்றிருப்பின் பன்னிருபதினைந்து 180 வாட், அவ்வளவே மெய். 36 ஆம்பியர் என்றிருப்பின் 432 வாட். அட்டையும் செயலியும் உண்பது இந்த 12 வோல்ட்டைத்தான். ‘80 பிளஸ்’ என்னும் முத்திரையும் நோக்கத்தக்கது. ஆனால் அது மின்சாரம் வீணாகாமையைக் குறிப்பதேயன்றிப் பாதுகாப்புக்கு உறுதிச் சீட்டு ஆகாது. எங்கள் பொறியின் மொத்தத் தேவை 300 வாட்டைத் தாண்டாது. பெயர்பெற்ற நிறுவனத்தின் 450 வாட் வகையைக் கொண்டோம். மின்னழுத்தம் ஏறி இறங்கும் நம்மூரில் இதில் மிச்சம் பிடிப்பவர், மிச்சம் பிடித்த தொகையைப் போல் பன்மடங்கு விலையுள்ள அட்டையைப் பணயம் வைக்கிறார்.

பிற உறுப்புகளில் நெடிய ஆராய்ச்சி இல்லை. நினைவகம் 16 ஜி.பி.; ஒரே பட்டையாக அன்றி எட்டும் எட்டுமாக இரண்டு. இரண்டு வழியாகச் செய்தி செல்வதால் விரைவு கூடும். சேமிப்புக்கு 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. பெட்டிக்கு முன்புறம் கண்ணாடியில்லாமல் வலை உள்ளது. சித்திரை வெயிலில் காற்று புகாத பெட்டி அடுப்பாகிவிடும். விளக்குகள் இல்லையே என்று பையனுக்கு மட்டும் சிறு வாட்டம்.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சித் தெருவுக்குச் சென்று, நான்கு கடைகளில் விலை கேட்டு, உறுப்புகளை வாங்கினோம். ஒவ்வொன்றின் தொடர் எண்ணும் பற்றுச்சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று யான் பிடிவாதம் செய்தேன். உத்தரவாதம் கேட்கப் போகும் நாளில் அவ்வெண்ணே பேசும். கணக்கு முடிந்தபோது கையில் எண்ணூறு ரூபாய் எஞ்சியது. ஊர் திரும்பியதும் பையன் தானே அமர்ந்து அனைத்தையும் பூட்டினான். விசையை அழுத்தினான், விசிறிகள் சுழன்றன, திரை இருண்டே இருந்தது. முகம் வெளிறிப்போனான். தமக்கை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். திரையின் கம்பியை அவன் தாய்ப்பலகையின் துளையில் செருகியிருந்தான். “எஃப் என்றால் என்ன?” என்று கேட்டேன். நெற்றியில் அடித்துக்கொண்டு கம்பியைப் பிடுங்கி அட்டையில் செருகினான். திரை ஒளிர்ந்தது.

அப்பொறியிலேயே அவன் மூன்றாண்டுப் பாடமும் நடந்தது, விளையாட்டும் நடந்தது. தமக்கை இப்போது தன் தையற்கணக்கை அதில் எழுதிவைக்கிறாள். 2025 இறுதியில் நினைவகத்தை 32 ஜி.பி. ஆக்க வேண்டும் என்று விரும்பினான். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் விலை பன்மடங்கு ஏறியிருந்த நேரம் அது. பலகையில் துளைகளோ இரண்டே. இரண்டு பட்டைகளையும் கழற்றிவிட்டுப் புதியன வாங்க வேண்டும். விலையைக் கேட்டு வந்தவன், “இறங்கட்டும் மாமா, அதுவரைக்கும் இதுவே ஓடும்” என்றான்.