குச்சனூர் காருக்கு இன்சூரன்ஸ் கணக்கு

"டிராஃபிக் எல்லாம் சென்னையில்தானே, நம்ம ஊர் காருக்கு இன்சூரன்ஸ் பாதிதானே இருக்கணும்?" எங்கள் பக்கத்தில் பலரும் கேட்பது இது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லைங்க.

பிரீமியத்தில் முதல் பகுதி தேர்டு பார்ட்டி. சட்டப்படி கட்டாயம், ரேட்டும் அரசாங்கம் வைப்பதுதான். 2022 ஜூன் 1-ல் அமலுக்கு வந்த கட்டணப்படி 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. வரி தனி. குச்சனூரோ மும்பையோ ஒரே ரேட், பேரத்துக்கே இடமில்லை.

இரண்டாவது பகுதி ஓன் டேமேஜ், அதாவது நம் காருக்கு வரும் சேதத்துக்கு. இதில்தான் ஊர் வருகிறது. சென்னை உள்ளிட்ட எட்டு பெருநகரங்கள் ஏ மண்டலம், தேனி உட்பட மற்றதெல்லாம் பி. 2002-ம் வருட கட்டண அட்டவணையில் 1000-1500 சிசி புதுக் காருக்கு ஏ மண்டலத்தில் 3.283 சதவீதம், பி-யில் 3.191. மூன்று லட்ச ரூபாய் காருக்கு வித்தியாசம் 276 ரூபாய், அவ்வளவுதான்! அதுவும் பதிவான ஊரை வைத்துத்தான். சென்னையில் பதிவான பழைய காரை வாங்கி வந்து குச்சனூரில் நிறுத்தினாலும் அது ஏ மண்டலக் கார்தான். 2007-லிருந்து ஓன் டேமேஜ் ரேட்டைக் கம்பெனிகளே வைக்கின்றன. ஆகவே நாலு இடத்தில் விசாரிப்பது வீண் போகாது.

நிஜமாகக் குறைப்பது நோ கிளெய்ம் போனஸ். கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாம் வருடம் 50. உதாரணமாக ஓன் டேமேஜ் 8,000 ரூபாய் என்றால் 50 சதவீதத்தில் 4,000 மிச்சம். சந்தில் பம்பர் உரசி 3,000 ரூபாய் செலவு வந்தால் கிளெய்ம் கேட்கலாமா? கட்டாயப் பிடித்தம் 1,000, பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி தேய்மானக் கழிவு. கைக்கு வருவது ஆயிரத்துச் சொச்சம், போவது 4,000. மறுபடி பூஜ்யத்திலிருந்து ஏறணும். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினாலும் போனஸ் காலி. இந்த போனஸ் காருக்கு அல்ல, ஓனருக்கு. பழைய கார் வாங்குபவருக்கு வராது.

சில ஏஜெண்டுகள் ஐடிவியைக் குறைத்து பிரீமியத்தை இறக்கித் தருவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கார் திருடு போனாலோ, குமுளி மலைப்பாதையில் உருண்டு முழுசாகப் போனாலோ கிடைப்பது அந்த ஐடிவி தொகை மட்டும்தான்.

எங்கள் ஊருக்கென்றே ஒரு விஷயம். சனிக்கிழமை, அதுவும் ஆடி மாதம் என்றால் சனீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டம் தாங்காது. சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டச் சொல்லிக் கேட்பார்கள். ஒயிட் போர்டு பாலிசியில் வாடகைக்கு ஓட்டக் கூடாதென்று அச்சிட்டே இருக்கிறது. அந்த ட்ரிப்பில் இடித்தால் நம் கார் சேதத்துக்கான கிளெய்மைக் கம்பெனி மறுக்கலாம். மஞ்சள் போர்டுக்கு பர்மிட் தனி, பாலிசியும் தனி, ரேட்டும் வேறு.