இடி இடிச்சா திறக்குமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. கிளென்மார்கனில் எஸ்டேட் கணக்கு எழுதும் நண்பர் 11-க்கு மாறிய கையோடு போன் போட்டார். ''சார், சிம்பிளா ஒரு மெயில் புரோகிராம் சொல்லுங்க. லெட்டர் வரணும், போகணும். அவ்ளோதான்!''

அந்தக் காலத்தில் இந்தத் தலைவலியே கிடையாது. எக்ஸ்பி போட்டால் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் கூடவே வரும், புடவையோடு ரவிக்கைத் துணி மாதிரி. 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் அது இல்லை. பிற்பாடு வந்த 'மெயில்' புரோகிராமும் 2024 டிசம்பரோடு ரிட்டையர்டு. அந்த இடத்தில் இப்போது புது அவுட்லுக்.

''பிரௌசர்லயே படிச்சுக்குங்களேன்'' என்று சென்னைக்காரருக்குச் சொல்லிவிடலாம். மலையில் மழை பிடித்தால் முதலில் படுப்பது நெட்தான். லாரி வாசலில் நிற்கும். குன்னூர் ஏலத்துக்கு எத்தனை மூட்டை என்கிற விவரமோ மெயிலில் மாட்டிக்கொண்டிருக்கும்!

ஆகவே நான் சிபாரிசு செய்தது தண்டர்பேர்ட். 2004-ல் முதல் பதிப்பு வந்தது, இலவசம். ஐமேப் முறையில் கடிதம் சர்வரில் இருந்தாலும், ஒரு நகலை நம் டிஸ்க்கிலும் வைத்துக்கொள்ளும். நெட் போனாலும் படிக்கலாம். பதில் எழுதி, 'பிறகு அனுப்பு' என்றால் அவுட்பாக்ஸில் சமர்த்தாகக் காத்திருக்கும். பேரிலேயே இடி இருப்பது மலைக்குப் பொருத்தம்தானே!

நீங்கள் எதை வேண்டுமானாலும் போடுங்கள் சார். போட்டதும் நெட்டை நிறுத்திவிட்டு, போன வாரக் கடிதத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால், அதுதான் சிம்பிள்.