ஊர்ல இருக்கிற உங்க வீட்டுப் பூட்டு

எங்க வீட்டுத் திண்ணைக்கு உள்பக்கம் ஒரு ஆணி. அதுல ஆறு சாவி தொங்குது. அதுல ஒண்ணுதான் எங்க வீட்டுது. மிச்ச அஞ்சும் சென்னை, கோயம்புத்தூர், திருப்பூர்னு பொழைக்கப் போனவங்களோடது. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வருவாங்க, ரெண்டு நாள் இருப்பாங்க. போறப்ப, "அண்ணே, ஒரு கண்ணு பாத்துக்குங்க"ன்னு சாவியைக் கையில கொடுத்துட்டு பஸ் ஏறிடுவாங்க. வீட்டைப் பாத்துக்கிறதுல எனக்குச் சிரமம் ஒண்ணும் இல்ல. ஆனா சாவி வச்சிருக்கவன் மேல ஒரு பாரம் இருக்கு, அது கொடுத்தவங்களுக்குத் தெரியறதில்ல.

ரெண்டு வருசத்துக்கு முன்னால கீழத்தெருவுல ஒரு வீட்டுல திருட்டுப் போச்சு. ரெண்டு பித்தளை அண்டா, ஒரு ஜோடி குத்துவிளக்கு, தண்ணி காய வைக்கிற செம்புத் தவலை. ஆசையா வச்சிருந்த பழைய சாமான். கதவு உடையல, பூட்டு உடையல, வந்தவன் எடுத்துட்டுத் திரும்பப் பூட்டிட்டே போயிருக்கான். அந்த வீட்டுச் சாவி அப்ப வாரம் ஒருக்கா பெருக்கி விளக்கு வைக்கிற ஒரு அத்தைகிட்ட இருந்துச்சு. அறுபது வயசு தாண்டினவங்க. அவங்களை யாரும் நேரா ஒண்ணும் சொல்லல. "அத்தை, சாவியை வேற யார்கிட்டயாவது குடுத்தீங்களா?"ன்னு போன்ல ஒரு கேள்வி, அவ்வளவுதான். அத்தை அன்னைக்குச் சாயங்காலமே சாவியைக் கொண்டாந்து எங்க வீட்டுத் திண்ணையில வச்சுட்டுப் போயிட்டாங்க.

அடுத்த நாள் எங்க ஊர் ஆசாரி அண்ணன் வந்து கதவைப் பாத்தாரு. பேசாம தன் வீட்டுச் சாவியை மடியிலருந்து எடுத்து அந்தத் துவாரத்துல விட்டாரு. கொஞ்சம் சிக்குச்சு, லேசா ஆட்டினாரு, கடக்குனு திறந்துருச்சு. என் வீட்டுப் பழைய சாவியையும் போட்டோம், அதுவும் திறந்துச்சு. விசயத்தை வீட்டுக்காரங்களுக்குச் சொன்னேன், அவங்களும் அத்தைகிட்டப் பேசினாங்க. முட்டி வலிக்குதுன்னு சொல்லிட்டாங்க அத்தை. அதுக்கப்புறம் அந்த வீட்டுப் படி ஏறல.

அதனாலதான் இதை எழுதறேன். பூட்டு திருடனுக்காக மட்டும்னு நினைக்காதீங்க. சாவி வச்சிருக்கவங்க பேரைக் காப்பாத்துறதும் அதுதான்.

தாத்தா காலத்துக் கதவுல மரத்துக்குள்ளயே பதிச்சிருக்குமே ஒரு உள்பூட்டு, நீட்டுச் சாவி, நுனியில கொடி மாதிரி ஒரு தகடு. அதுல பாதிக்கு மேல வார்டு பூட்டு. உள்ள அசையாத தடுப்புத் தகடு ரெண்டு மூணு இருக்கும், அதுல இடிக்காம சுத்தற மாதிரி சாவியில வெட்டு விட்டிருப்பாங்க. தடுப்பு அசையாதுங்கிறதுதான் அதோட பலவீனம். இடிக்கிற இடத்தையெல்லாம் ராவி எடுத்துட்டு நுனியை மட்டும் விட்டா அந்த ஒரு சாவியே பத்து வீடு திறக்கும். ஊர்ல கள்ளச்சாவின்னு சொல்றது பெரும்பாலும் இதைத்தான்.

லீவர் பூட்டு வேற. உள்ள ஸ்பிரிங் வச்ச தகடுகள் அடுக்கா இருக்கும். ஒவ்வொண்ணையும் சாவி அததுக்குரிய உயரத்துக்குத் தூக்கணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எல்லாம் ஒரே நேரத்துல சரியா நின்னாத்தான் தாழ் நகரும். இங்கிலாந்துல ராபர்ட் பாரன்னு ஒருத்தர் 1778-லயே இதைச் செஞ்சுட்டாரு. 1818-ல சப்னு ஒருத்தர் அதுல இன்னொண்ணு சேர்த்தாரு. தப்பான சாவியைப் போட்டு ஒரு லீவரை அதிகமாத் தூக்கிட்டா அது அப்படியே மாட்டிக்கும். அடுத்தாப்ல சொந்தக்காரன் சாவி போடறப்ப, யாரோ கை வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சு போகும். போர்ட்ஸ்மவுத் கப்பல் துறையில கள்ளச்சாவி போட்டு ஒரு திருட்டு நடந்து, அதுக்கப்புறம் பொறந்த பூட்டு அது. பேரன் படிச்சுச் சொன்னப்ப எனக்கு கீழத்தெரு அத்தைதான் ஞாபகம் வந்தாங்க.

உங்க வீட்டுது எதுன்னு கண்டுபிடிக்க ஆசாரி வேண்டியதில்ல. சாவியைப் பாருங்க. தகட்டோட ஓரத்துல உசரம் உசரமா வெவ்வேற ஆழத்துல படி வெட்டியிருந்தா லீவர். பக்கத்துக்கு ஒண்ணு ரெண்டு காடி மட்டும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா வார்டுன்னு வச்சுக்கலாம். தட்டையான சின்னச் சாவி, ரம்பப் பல்லு மாதிரி இருந்தா அது பின் வச்ச சிலிண்டர் பூட்டு. இதெல்லாம் புரியலைன்னா, தெருவுல நாலு வீட்டுப் பழைய சாவியை வாங்கிப் போட்டுப் பாருங்க. அதைவிட நல்ல சோதனை கிடையாது!

எங்களுக்குத் திண்டுக்கல் பக்கம். பூட்டு வாங்கப் போனா கையில வச்சு எடை பாத்து வாங்கற பழக்கம் இன்னும் இருக்கு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுச்சு. லீவரை ஒண்ணொண்ணாக் கையால ராவி அதுக்குத் தகுந்தாப்ல சாவி வெட்டறது அவங்க வேலை. அலிகார்லருந்து மிஷின்ல செஞ்ச பூட்டு விலை மலிவா வந்து அந்தப் பட்டறைகளை ரொம்ப அடிச்சுப் போட்டுருச்சு. நான் மோட்டார் ரூமுக்கு இன்னும் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டுதான் போடறேன். எடை பாத்து இல்ல, லீவர் எத்தனைன்னு கேட்டு வாங்கறேன்.

ஆனா பெரிய பூட்டை வாங்கி ஓட்டை நாதாங்கியில மாட்டறதுதான் நம்ம ஜனங்க அதிகமாச் செய்யறது. போன கோடையில பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூமுல பூட்டு முழுசா இருக்கு, நாதாங்கி திருகாணியோட பிடுங்கிட்டு வந்திருக்கு. உள்ள இருந்த காப்பர் வயர் போச்சு. நாதாங்கியைத் திருகாணியில நிறுத்தாம, கதவைத் துளைச்சு போல்ட் விட்டு உள்பக்கம் நட்டு போடுங்க. மூடினா போல்ட் தலை வெளிய தெரியக்கூடாது. பூட்டோட வளையம் கொண்டித் துவாரத்தை நிறைச்ச மாதிரி இருக்கணும், கடப்பாரை நுழைய இடம் இருந்தா எந்தப் பூட்டும் நிக்காது.

இன்னொண்ணு, குடுமிக் கதவு. கீல் இல்லாம மேலயும் கீழயும் குழியில சுத்தற பழைய கதவு. மேல இடைவெளி இருந்தா அடியில கம்பி குடுத்து நெம்பித் தூக்கிக் கழட்டிடலாம், பூட்டைத் தொடவே வேண்டாம். நிலையோட மேல்கட்டையில ஒரு சக்கை வச்சு அடிச்சா சரியாப் போயிரும். ஆசாரிக்கு அரைமணி நேர வேலை.

கீழத்தெரு வீட்டுக்கு என்ன செஞ்சோம்னா, கதவை மாத்தல. வைரம் பாஞ்ச தேக்கு, அதை வித்துட்டு ரெடிமேட் கதவு போடலாம்னு ஒரு தரகர் சொன்னாரு, நான் கிட்டச் சேர்க்கல. பழைய பூட்டை எடுத்த குழியைக் கொஞ்சம் பெருசாக்கி லீவர் வச்ச மார்ட்டைஸ் பூட்டு இறக்கினோம். பழைய துவாரத்துக்குப் பித்தளைத் தகடு. இரட்டைக் கதவுங்கிறதால ஒரு கதவுக்கு மேலயும் கீழயும் தாழ்ப்பாள் போட்டு நிலைப்படுத்திட்டுத்தான் மறு கதவுல பூட்டு. இல்லைன்னா ரெண்டையும் சேத்துத் தள்ளினா விலகிரும். வாங்கறப்ப ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்க. முத்திரைக்கு மேல ஐ.எஸ். நம்பர், கீழ உரிம நம்பர் இருக்கும். மார்ட்டைஸ் பூட்டுக்கு ஐ.எஸ். 2209. உரிம நம்பரை பி.ஐ.எஸ். கேர் ஆப்புல போட்டா உண்மையா இல்லையான்னு காட்டிரும்.

வயசானவங்க தனியா இருக்கிற வீடுன்னா மட்டும் ஒரு விசயம். உள்பக்கமும் சாவி போட்டுத்தான் திறக்கணும்ங்கிற பூட்டை வைக்காதீங்க. ராத்திரி தீயோ, நெஞ்சு வலியோ வந்தா இருட்டுல சாவி தேடிட்டு இருக்க முடியாது. உள்ள விரலால திருகித் திறக்கிற மாதிரி கேட்டு வாங்குங்க. எங்க அம்மா இருக்கிற வீட்டுக்கு அதுதான்.

ஆணியில தொங்கற அஞ்சுல மூணு இப்போ புதுச் சாவி. இன்னும் ரெண்டு வீடு பாக்கி. அதுல ஒருத்தர் பங்குனித் திருவிழாவுக்கு வர்றாரு. கதவோட கனத்தை ஆசாரி அண்ணனை வச்சு அளந்து போட்டோவோட அனுப்பியிருக்கேன், ரெண்டு இஞ்சுக்குக் கொஞ்சம் குறைச்சல். அதுக்கு ஏத்த பூட்டா கோயம்புத்தூர்லயே பாத்து வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்.