பன்னிரண்டாம் அதிகாரம்

1969ஆம் ஆண்டில் ஓரிரவு, கலஹாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், என் தந்தையார் கண்களை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து ஒரு பக்கத்தின்மீது விரலை வைத்தார். அப்போது எனக்குப் பத்து வயது. இந்தியாவுக்கு மனுச் செய்வதா, இலங்கைக்கு மனுச் செய்வதா என்று ஆண்டவரின் சித்தத்தை அறிய அவர் கண்ட வழி அது. விரல் விழுந்த இடம் ஆதியாகமம் பன்னிரண்டாம் அதிகாரம். தேசத்தையும் இனத்தாரையும் விட்டுப் புறப்படும்படி ஆபிராமுக்குக் கட்டளை பிறக்கும் இடம். தந்தையாரின் கண்கள் கலங்கின. "புறப்படச் சொல்லிவிட்டார்" என்றார்.

அம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. கொழுந்து பறித்த கையோடு கோயிலில் உட்கார்ந்து காதால் கேட்டதே அவள் கல்வி. "நிறுத்தாம அந்த அதிகாரத்தைக் கடைசி மட்டும் வாசிங்க" என்றாள். வாசித்தார். பத்தாம் வசனத்தில் பஞ்சம் வருகிறது. ஆபிராம் எகிப்துக்குப் போகிறான். உயிருக்குப் பயந்து மனைவியைச் சகோதரி என்று சொல்லச் செய்கிறான். "விரலு கொஞ்சம் கீழே விழுந்திருந்தா என்ன செய்வீங்க?" என்று அம்மா கேட்டாள். தந்தையார் பதில் கூறவில்லை. வேதத்தைச் சீட்டுக்கட்டாக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் அன்றோடு ஒழிந்தது.

அதன் பின்னர்தான் அவர் விசாரிக்கத் தொடங்கினார். துறையூர்ப் பக்கத்துப் பூர்வீகக் கிராமத்துக்குக் கடிதம் எழுதினார், பதில் வரவில்லை. அங்கே நிலமில்லை, வீடில்லை, முகம் தெரிந்தவர் இல்லை. அவர் பிறந்ததும், அவருடைய தாயைப் புதைத்ததும் இந்த மலையில். எல்லாவற்றையும் சோதித்து நலமானதைப் பிடித்துக்கொள்ளும்படி பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது இத்தகைய விசாரணையைத்தான் என்று நான் கருதுகிறேன். சபையின் போதகர் ஒருவரோ, அதிகாரத்துக்குக் கீழ்ப்படிதலைப் பற்றிப் பிரசங்கித்து, ஜெபிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆனால் இந்தக் கேள்வியை எங்கள் குடும்பத்தின் முன் வைத்தது யார்? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். அதன் மேல் 1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். சந்தையில் மூட்டை பிரிப்பது போல மனிதரைப் பிரித்த அந்த மேசையில் தொழிலாளி எவனும் உட்காரவில்லை. ஆட்சியாளர் செய்துவிட்ட தீர்மானத்தின் பாரத்தை ஏழைகள் ஆண்டவரின் சித்தம் என்று சுமந்தார்கள். ஆவிகளைப் பகுத்தறிய வேண்டுமாயின் அதை முதலில் அந்த மேசையில் தொடங்கியிருக்க வேண்டும்.

பகுத்தறிந்தோர் சிலரும் இருந்தனர். பதின்மூன்று ஆண்டுகள் கண்டியின் கத்தோலிக்க ஆயராயிருந்த லியோ நாணயக்கார, 1972இல் அந்தப் பழைய பீடத்தை விட்டு, புதிதாகப் பிறந்த பதுளை மறைமாவட்டத்துக்குச் சென்றார். ஏழை விவசாயிகளும் தோட்டத் தொழிலாளரும் நிறைந்த ஊவாவே அவர் தேர்ந்த இடம். அதே ஆண்டில் இயேசு சபைத் துறவி போல் காஸ்பர்ஸ் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கிச் சிங்களவரையும் தமிழரையும் ஒன்றாக இருத்தினார். நாங்கள் புரொட்டஸ்டண்ட் குடும்பம். எனினும் அந்தச் செய்திகளைத் தந்தையார் லயத்தில் உரக்கச் சொன்னது நினைவிருக்கிறது.

நாங்கள் இலங்கைக்கு மனுச் செய்தோம். பெரியப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். சில ஆண்டுகளில் தலைமன்னார் வழியாகப் போய்க் கோத்தகிரியில் மீண்டும் தேயிலைக்கே சேர்ந்தார். இங்கே 1973–74இல் தோட்டங்களில் பஞ்சம் வந்தது. பத்தாம் வசனத்தை அம்மா சிரிக்காமல் நினைவூட்டினாள். 1977இல் லயங்கள் தாக்கப்பட்டன. 1983 ஜூலையில் கண்டி நகரில் தமிழர் கடைகள் எரிந்தன. தந்தையாருக்குக் குடியுரிமைப் பத்திரம் கிடைத்ததோ 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர்தான்.

1983 ஆகஸ்டில் பெரியப்பாவின் கடிதம் வந்தது. உடனே புறப்பட்டு வரும்படி எழுதியிருந்தார். தந்தையார் அன்றிரவு வேதாகமத்தை எடுக்கவில்லை. அம்மாவையும் எங்களையும் உட்காரவைத்து, ஒவ்வொருவரையும் பேசச் சொன்னார். இளையவள் போகலாம் என்றாள். நான் கூடாது என்றேன். அம்மா விடியும் வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள்.